துணி துவைக்கிற கல்

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க தம்பி. வெள்ளைச் சட்டையோட விருந்துக்குக் கிளம்பியிருக்கீங்க, இந்த வளைவு தாண்டறதுக்குள்ள மாவு மில்லுல வேலை பாத்தவர் மாதிரி ஆயிடுவீங்க. கரட்டை, அதோ அந்தச் சின்ன மலையை, உடைக்கிற தூசி. மாட்டுப்பொங்கல் அன்னிக்குக்கூடக் குவாரிக்காரன் மெஷினை நிறுத்த மாட்டேங்கறான். வளைவு போயிட்டா தூசி கிடையாது, அப்புறம் தூக்கி விட்டுட்டு நல்லாக் காத்து வாங்கலாம்.

புங்கனேரியா? சிநேகிதர் வீட்டுக்கா? நல்ல ஊருங்க. மாட்டுப்பொங்கலை அவங்க மாதிரி கொண்டாடறதுக்கு இந்தப் பக்கத்துல ஆளில்ல. நான் அதுக்கு அந்தாண்ட போறேன். சந்தைக்கு.

பை இடிக்குதுங்களா? இருங்க, மடியில வெச்சுக்கறேன். ஒண்ணுமில்ல, கயிறு. மாட்டுக் கயிறு, புதுசு. மாடு இருக்கான்னு கேட்டா இல்ல. இருந்ததை வித்தாச்சு. மாடில்லாதவன் கயித்தைத் தூக்கிட்டு எங்க போறான்னு பாக்கறீங்க. நீங்க வெளியூர்க்காரர், கேட்டுட்டுப் போயிடுவீங்க, உங்ககிட்டச் சொல்லலாம். இந்தப் பக்கத்து ஆளுங்க முன்னாடி நான் கயித்தை வெளியில எடுக்கவே முடியாது. சிரிப்பாங்க.

இப்ப தூசி வருதே, அதுதான் எங்க ஊரு. கரட்டுப்பள்ளம். ரெண்டு கரட்டுக்கு நடுவுல நீளமா ஒரு பள்ளம், அதுக்குள்ள ஒரு ஓடை, ஓடைக்கு ரெண்டு பக்கமும் வயலு. பெரிய விளைச்சல் ஊருன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோடையிலயும் கிணத்துல தண்ணி நிக்கும். வடக்குக் கரட்டுக்கு அடியில ஒரு கல்லு. ஆளு உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வில்லு வெச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கற மாதிரி செதுக்கியிருக்கும், காலடியில ஒரு மாடு. வேடியப்பன்னு கும்பிடுவோம்.

வெளியூரான் வந்து நம்ம ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போனப்ப, எங்க வம்சத்துப் பெரியவர் ஒருத்தர் ஒண்டியா விரட்டிப் போயி, மாட்டை மீட்டுக் குடுத்துட்டு உசுரை விட்டாருன்னு எங்க அப்பா சொல்வாரு. அவங்க அப்பாவும் அதையேதான் சொன்னாராம். அதனால அந்தக் கல்லு மேல தண்ணி ஊத்திக் கழுவற உரிமை எங்க வீட்டுக்கு மட்டும்தான். மாட்டுப்பொங்கல் காலையில நான் கல்லைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கணும். அப்புறம்தான் ஊர்ல மாட்டுக்கே குளியல். முதல் மாலை கல்லுக்கு, ரெண்டாவது மாலை என் கழுத்துக்கு. பெருமைக்குச் சொல்லல. அப்படித்தான் நடந்துச்சு. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு விரல் கனத்துக்கு ஏறிப் போயிருந்துச்சு. உள்ள எழுத்து இருக்குதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?

குவாரிக்கு நோட்டீஸ் ஒட்டினாங்க. ஊரே ஒண்ணா நின்னு வேணாம்னு சொன்னோம். நானும் சொன்னேன். சும்மா சொல்லல, முன்னாடி நின்னு சொன்னேன். அப்பதான் அந்த டீச்சரம்மா வந்தாங்க. பொற்கொடின்னு பேரு, காலேஜுல பழைய கல்வெட்டைப் பத்திப் பாடம் எடுக்கறவங்க. படிக்கிற பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பள்ளம் பூரா சுத்தினாங்க. ஓடைக்கரையில நாங்க காலால உதைச்சுத் தள்ளிட்டுப் போற கருங்கட்டி இருக்கே, அது அந்தக் காலத்துல இரும்பு உருக்கினப்ப வழிஞ்ச கசடாம். ஏர் ஓட்டறப்ப மேல வர்ற பானை ஓட்டுச் சில்லையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே இங்க ஊர் இருந்திருக்குன்னாங்க.

"ஐயா, கசடையும் சில்லையும் காட்டினா ஆபீசருங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எழுத்து இருக்கற கல்லு ஒண்ணு இருந்து, அதை ஊரு இன்னிக்கும் கும்பிடுதுன்னு காட்டிட்டா, கரட்டுல வெடி வைக்க விட மாட்டாங்க. உங்க கல்லுல எழுத்து இருக்கும்னு எனக்குத் தோணுது. சுண்ணாம்பை எடுத்துக் குடுங்க"ன்னாங்க.

ஊரு மொத்தமும் என்னைப் பாத்துச்சு. நான்தானே கழுவணும்?

உளி படக்கூடாதுன்னுட்டாங்க. புளியைக் கரைச்சு ஊத்தி ஊத்தி, தேங்கா நாரால நானே தேய்ச்சேன். வேற ஒரு ஆளை விடல. முட்டி தேஞ்சு போச்சு. எங்க அப்பன் அடிச்ச சுண்ணாம்பு, பாட்டன் அடிச்ச சுண்ணாம்பு, எல்லாம் கரைஞ்சு போயி அடியில எழுத்து கண்ணு தெறந்தப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. நெசமாச் சொல்றேன்.

டீச்சரம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. "நான் காகிதத்துல படி எடுத்துட்டுப் போயி, நிதானமாப் படிச்சுட்டு, உங்ககிட்ட முதல்ல வந்து சொல்றேன் ஐயா"ன்னாங்க. நான்தான் விடல. சரி, ஒத்துக்கறேன், நான்தான் விடல. எங்க பெரியவரு செஞ்ச காரியத்தை ஊரறியப் படிக்கணும்னேன். பந்தல் போட்டேன், மைக்செட் வெச்சேன். புங்கனேரிக்கும் ஆள் அனுப்பினேன். என் மக செவ்வந்தியை அப்ப அந்த ஊர்லதான் கேட்டிருந்தாங்க, தட்டு மாத்தறது ஒண்ணுதான் பாக்கி. சம்பந்தி ஆகப் போறவர் பேரு காவேரி. நம்ம வம்சம் எப்பேர்ப்பட்டதுன்னு முன் வரிசையில உக்காந்து கேக்கட்டும்னு நெனைச்சேன். மைக் வெச்சது நான்தான், இல்லைங்கல. ஆனா படிக்கறவங்களுக்கு ஒரு இங்கிதம் வேணாமா தம்பி?

ஈரக் காகிதத்தைக் கல்லு மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மை ஒத்தி எடுத்தாங்க. கறுப்புல வெள்ளை எழுத்தா வந்துச்சு. மைக்கைக் கையில குடுத்தேன். முதல்ல எந்த ராசா காலம்னு படிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் பேரைப் படிச்சாங்க. கரடன் மகன் மாதன். என் பேரு மாதையன். எங்க வீட்டுல தலைமுறைக்கு ஒருத்தன் மாதன் இருப்பான். ஊரு என்னைப் பாத்துக் கை தட்டுது, நான் எந்திரிச்சு நின்னு கும்பிடு போட்டேன். கும்பிட்ட கையை இன்னும் இறக்கல, அதுக்குள்ள அடுத்ததைப் படிச்சுட்டாங்க.

"மாதன் புங்கனேரி மாடுகளைக் கவர்ந்து வரும்போது, புங்கனேரியார் மறித்த சண்டையில இறந்தான்"னாங்க.

எனக்குப் புரியல. "கவர்ந்துன்னா என்னம்மா?"ன்னேன்.

"ஓட்டிட்டு வர்றதுங்க ஐயா."

"நம்ம மாட்டை மீட்டு ஓட்டிட்டு வந்தாரு, அப்படித்தானே?"

"இல்லீங்க ஐயா. அவங்க மாட்டை."

இதெல்லாம் மைக்குல போகுது. கரட்டுல பட்டுத் திரும்பி வேற வருது. அவங்க மாட்டைன்னு கரடும் சொல்லுது.

அப்புறம் பின்னாடி புங்கனேரிக் கூட்டத்துலேர்ந்து ஒரு குரல். "மாமோவ், அப்ப எங்க மாடு எங்க?" அவ்வளவுதான். பந்தல் பிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. எங்க ஊர்க்காரங்களும் சிரிச்சாங்க தம்பி, அதுதான். அந்தம்மா என்னமோ சொல்றாங்க. அந்தக் காலத்துல அது களவு இல்ல, போருக்கு முதல்ல அப்படித்தான் போவாங்க, செத்தவன் பெரிய வீரன், இன்னும் ஒரு வரி இருக்கு, அதுதான் முக்கியம்னு கத்திக்கிட்டே இருக்காங்க. என் காதுல எதுவும் விழல. காவேரி முகத்தைப் பாக்கவும் தெம்பு இல்ல. வயரைப் பிடிச்சு இழுத்துட்டேன். மைக் ரிப்பேர்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன்.

கடைசி வரிதான் முக்கியம்னா அதை முதல்ல படிச்சுத் தொலைச்சிருக்கலாம் இல்ல? படிச்சவங்களுக்கு இது தெரியாதா?

அப்புறம் வெளியில தலை காட்ட முடியல. டீக்கடைக்குப் போனா, "மாதையண்ணன் வர்றாரு, மாட்டையெல்லாம் புடிச்சுக் கட்டுங்கப்பா"ம்பாங்க. பஸ்ஸுல ஏறினா, "அண்ணா, கயிறு கொண்டாந்தியா?"ம்பாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல. சிரிச்சுட்டு டீயும் அவங்களே வாங்கிக் குடுப்பாங்க. வெக்கம் தம்பி. சட்டையைக் கழட்டற மாதிரி அதைக் கழட்டி வைக்க முடியல. மாலை போட்ட கழுத்து பாருங்க.

இந்த நேரத்துல விசாரணைக்கு ஆபீசர் வந்தாரு. புளியமரத்தடியில மேசை போட்டு உக்காந்தாரு. ஊரு மொத்தமும் இருக்கு, டீச்சரம்மா இருக்காங்க. காவேரியும் புங்கனேரிலேர்ந்து வந்து முன்னாடி உக்காந்திருக்காரு. எங்களுக்காகப் பேச வந்தாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு என்னமோ, என்னை வேடிக்கை பாக்க வந்த மாதிரி இருந்துச்சு.

"கல்லுக்கு உரிமைக்காரர் யாரு?"ன்னாரு ஆபீசர். எல்லாரும் என்னைக் காட்டினாங்க.

"இது நீங்க பரம்பரையாக் கும்பிடற கல்லா?"

ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பின்னாடி யாரோ இருமினாங்க. வெறும் இருமலாக்கூட இருந்திருக்கலாம். எனக்கு அது சிரிப்பை அடக்கற மாதிரி கேட்டுச்சு.

"அது துணி துவைக்கிற கல்லுங்க சார்"னுட்டேன்.

ஆபீசரு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. "அங்கங்க வெள்ளையாப் படிஞ்சிருக்கே?"

"சோப்புங்க சார்."

காவேரி எந்திரிச்சு, "சார், அவரு மனசு கஷ்டத்துல சொல்றாரு, அது தெய்வம்தான், எங்களுக்கும் பாத்தியதை இருக்கு"ன்னாரு. உங்களுக்கு எந்த ஊருன்னு ஆபீசர் கேட்டாரு. புங்கனேரின்னதும், "இந்த ஊரு ஆளு, உரிமைக்காரரே சொல்லிட்டாரு, நீங்க உக்காருங்க"ன்னுட்டாரு. ஊர்க்காரங்க கத்தினாங்க. எழுத்து மட்டும் இருந்தாப் பத்தாது, முன்னாடியே சொல்லி வெச்சுக் கும்பிடற கல்லுன்னு ஜோடிச்சிருக்கீங்கன்னு ஆபீசரு எந்திரிச்சுட்டாரு. டீச்சரம்மா என்னைத் திட்டல. கிட்ட வந்து, "கடைசி வரியை நீங்க கேக்கவே இல்லையே ஐயா"ன்னாங்க. "நீங்க படிச்சதே போதும்மா"ன்னேன். போயிட்டாங்க.

நான் சொன்னதுல முழுப் பொய்னு எதுவும் இல்ல. ஓடைக்குப் போற பொம்பளைங்க எப்பவாவது ஈரத்துணியை அதுக்குப் பக்கத்துல காயப் போடுவாங்க. பக்கத்துலதான்.

மறுநாள் காலையில என் வீட்டுக்காரி பச்சையம்மா அழுக்குத் துணியையெல்லாம் மூட்டையாக் கட்டினா. வாங்கன்னு கூப்பிட்டா. கல்லுகிட்டக் கொண்டு போயி மூட்டையை இறக்கி, என் வேட்டியை எடுத்து ஓடையில நனைச்சு என் கையில குடுத்தா. "துவைங்க"ன்னா. கரடு மேல ஆடு மேய்க்கிறவங்க, களை எடுக்கறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. "துணி துவைக்கிற கல்லுதானே? துவைங்க." கையைத் தூக்கினேன். வேட்டியிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வேடியப்பன் மூஞ்சியில அடிக்க வரல தம்பி, கை வரல. அவ மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நான் ஈர வேட்டியோட அங்கயே நின்னேன்.

அதுக்கப்புறம் குவாரிக்கு உத்தரவு வந்துடுச்சு, அதுதான் நீங்க வளைவுல பாத்த தூசி. வளைவு தாண்டியாச்சு, ஷட்டரைத் தூக்கி விட்டுக்குங்க. வெடி வைக்க வைக்க வீட்டுச் சுவரு பொளந்துச்சு, கிணறு வத்திப் போச்சு. தண்ணி இல்லாத ஊர்ல யாரு இருப்பா? ஒவ்வொரு குடும்பமாக் கிளம்பிட்டாங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன், பதில் சொல்லியிருப்பேன். வண்டியில சாமான் ஏத்திக்கிட்டு என் வீட்டைத் தாண்டிப் போறப்ப, "வர்றேண்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. இப்ப நாங்க இந்த ரோட்டோரத்துல குடிசை போட்டிருக்கோம். நான் ஏறினதைப் பாத்தீங்களே, அங்கதான்.

மெஷின் கல்லு கிட்ட நெருங்கினப்ப புங்கனேரிக்காரங்க டிராக்டரோட, மேளத்தோட வந்தாங்க. காவேரி என் வீட்டு வாசல்ல நின்னு, "மாமா, நாங்க எடுத்துட்டுப் போறோம். ஆனா உங்க கையால தண்ணி பட்டாத்தான் தொடுவோம்"னாரு. எனக்குக் காய்ச்சல்னு கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். காய்ச்சல் இல்ல. பச்சையம்மாதான் குடத்தை எடுத்துட்டுப் போயிக் கழுவி அனுப்பினா. எங்க வம்சத்துல ஒரு பொம்பளை கல்லைக் கழுவினது அதுதான் முதல் தடவை. மேளச் சத்தம் தேயற வரைக்கும் நான் கம்பளியை எடுக்கல.

கல்யாணமா? நடந்துச்சே. அவங்களே வந்து, நாங்களே எல்லாம் பாத்துக்கறோம்னு செவ்வந்தியைக் கட்டிக்கிட்டுப் போனாங்க. மாட்டுத் திருடன் வீட்டுப் பொண்ணுன்னு ஒருத்தர் வாயிலேர்ந்து வரல. அவ போயித்தான் எனக்கு அந்தக் கடைசி வரியைச் சொல்லி அனுப்பினா. டீச்சரம்மா அந்த ஊர்லயே போயிப் படிச்சுக் காட்டினாங்களாம்.

"இந்தக் கல்லைப் புங்கனேரியாரே நிறுத்தினோம்."

அதுதான் தம்பி வரி. அவனைக் கொன்னவங்களே, சண்டையில பின்வாங்காம நின்னான்னு சொல்லி, கல்லுச் செதுக்கி, அவன் ஊருக்கே கொண்டாந்து நட்டிருக்காங்க. நாங்க அதைச் சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டு, மாட்டை மீட்டான் மாட்டை மீட்டான்னு மாலை போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

இதுல இன்னொண்ணு. மாட்டுப்பொங்கல் அன்னிக்குப் புங்கனேரியில எல்லா மாட்டையும் கட்டுவாங்க, ஒரு மாட்டை மட்டும் கட்ட மாட்டாங்க. ஊரு முகப்புல, எங்க கரட்டைப் பாத்த மாதிரி சும்மா நிக்க விடுவாங்க. வந்தவன் பங்குன்னு பேரு. எந்த வந்தவன், எதுக்குப் பங்கு, ஒருத்தருக்கும் தெரியாது, பழக்கம். இப்பத் தெரிஞ்சு போச்சு. கல்லையும் அந்த முகப்புலயே நட்டுட்டாங்க. இனிமே மாதன் வீட்டு ஆளு வந்து, தன் கயித்தை அந்த மாட்டுக் கழுத்துல போட்டு, கல்லைச் சுத்திக் கூட்டிட்டு வரணுமாம். அப்புறம்தான் ஊருக்கே இலை போடுவாங்களாம்.

போன பொங்கலுக்குச் சொல்லி அனுப்பினாங்க. இதே பஸ்ஸுலதான் வந்தேன். ஸ்டாப் வந்துச்சு, எந்திரிக்க முடியல. அந்தாண்ட போயி இறங்கி, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். அந்த மாடு விளக்கு வைக்கிற வரைக்கும் கட்டாமயே நின்னுச்சாம். ஊரு சாப்பிடாம உக்காந்திருந்துச்சாம். என் மக புருஷன் வீட்டுல என்ன பதில் சொன்னாளோ. அப்பவும் காவேரி என்ன சொல்லி அனுப்பினாரு தெரியுங்களா? "திருட வந்தவனுக்கே கல்லு வெச்ச ஊரு, இல்லைன்னு சொன்னவருக்கு இலை போட மாட்டமா, வரச் சொல்லு"ன்னாராம். இதுக்கு நாலு அறை அறைஞ்சிருக்கலாம் அந்த மனுஷன்.

திருடினவன் வம்சம்னு சிரிச்சாங்களே, அந்த வெக்கம் இப்ப இல்லீங்க. அது எப்பவோ போயிடுச்சு. அவன் மாட்டை ஓட்டினாலும் நின்னு செத்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல. அந்தக் கல்லு முன்னாடி போயி நான் எந்த மூஞ்சியோட நிக்கறது?

ஆமா, மாட்டுப்பொங்கலுக்கு ஏது சந்தை. நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனைச்சேன்.

புங்கனேரி வந்துடுச்சு. அதோ கொடி தெரியுது பாருங்க. நீங்க முன்னாடி போயி நில்லுங்க, இந்த டிரைவரு சட்டுனு எடுத்துடுவாரு. நான் வரல. இல்லீங்க, வரல, கையை விடுங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பையைக் கொண்டு போங்க. முகப்புலயே ஒரு மாடு கட்டாம நிக்கும், அதுக்குப் பக்கத்துல கல்லு இருக்கும். கல்லு மேல கயித்தை வெச்சுட்டு, இலை போடச் சொல்லுங்க. மஞ்சள் சேலையில ஒரு பொண்ணு இந்தப் பஸ்ஸையே பாத்துட்டு நிக்குது, தெரியுதா? அதுகிட்டக் குடுத்தாலும் சரி. யாரு குடுத்தாங்கன்னு கேக்கும். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த ஆளு, பேரு தெரியாதுன்னு சொல்லிடுங்க.

போறப்ப அந்த ஷட்டரை இறக்கி விட்டுட்டுப் போங்க தம்பி. தூசி வருது.